ஊசி போடாத கூண்டுகளில் தண்ணீர் இருந்தது

விண்ணப்பத்தின் நான்காவது பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். முனைவர் பட்டத்துக்கான உதவித்தொகை அது. கிடைத்தால் ஐந்து வருடம் வேறு கவலை இல்லாமல் ஆராய்ச்சி செய்யலாம். பெயர், படிப்பு, மதிப்பெண் என்று முதல் மூன்று பக்கங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிரப்பிவிட்டேன். நான்காவது பக்கம் முந்தைய ஆராய்ச்சி அனுபவத்தை விவரிக்கச் சொன்னது. எடுத்துக்கொண்ட கேள்வி என்ன, அதில் உங்கள் சொந்தப் பங்கு என்ன, எது தவறிப்போனது, அதை எப்படிச் சமாளித்தீர்கள்.

எது தவறிப்போனது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நான்கு வருடங்களாக அதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். சிறுசேரியில் இப்போது நான் தரவுப் பதிவு வேலை பார்க்கும் கம்பெனியின் நேர்முகத் தேர்வில்கூடச் சொன்னேன். அனிமல் ஹவுஸ் பணியாளரின் அலட்சியத்தால் என் சோதனை எலிகள் இறந்துபோயின. மனம் தளராமல் முதலிலிருந்து மறுபடி செய்து முடித்தேன். கேட்டவர்கள் பாராட்டுகிற மாதிரித் தலையசைத்தார்கள். எனக்கும் அது சொல்லிச் சொல்லி வாயில் படிந்துவிட்டது.

எலிகளின் எடை, மருந்தின் அளவு, தேதி எல்லாம் பிழையில்லாமல் இருக்கட்டும் என்று பரணில் கிடந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். எம்.எஸ்ஸி. கடைசிப் பருவத்தின் ஆய்வகக் குறிப்பேடு அடியில் இருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்த கல்வி நிறுவனம் தாம்பரத்துக்கு மேற்கே இருந்தது. அதன் பின்கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, தகரக் கதவு போட்ட ஒரு நீளக் கட்டடம்தான் சோதனை எலிகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸ். உள்ளே போனால் உமியும் எலி மூத்திரமும் பினாயிலும் கலந்த வாடை முகத்தில் அறையும். ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பழகாது. என் துப்பட்டாவில் அந்த வாடை வரும் என்று அம்மா அதைத் தனியாக ஊறவைப்பார்.

அங்கே எலிகளைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். திருநீர்மலையில் வீடு. சைக்கிளில் வருவார். பதினொரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. உமி மாற்றுவது, தீனி வைப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, கூண்டு கழுவுவது எல்லாம் அவர்தான். நாங்கள் ஊசி போடும்போது எலியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்வதும் அவர்தான். அவர் கையில் இருக்கும்போது எலி திமிறாது. சோதனை முடிந்து எலிகளைக் கொல்லும் நாளில் மட்டும் உள்ளே இருக்க மாட்டார். வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "முடிஞ்சிச்சா பாப்பா?" என்று கேட்பார். முடிந்தது என்றால் வந்து செத்த எலிகள் இருக்கும் பையை எடுத்துப்போவார்.

முன்பு குடித்துக்கொண்டிருந்தாராம். ஒரு வருடம் மலைக்கு மாலை போட்டபோது விட்டவர், மாலையைக் கழற்றிய பிறகும் தொடவில்லை. இதை அவரே பெருமையாகச் சொல்வார். அதனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என் ஆய்வு எளிமையானது. ஒரு செடியின் இலைச்சாறு சர்க்கரை நோயைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைக்க வேண்டும். அதற்கென்று ஒரு மருந்து உண்டு. பொடியைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் சர்க்கரை ஏறிவிடும். பத்துக் கூண்டுகள், கூண்டுக்கு மூன்று எலிகள். எட்டுக் கூண்டுகளுக்கு ஊசி. மீதி இரண்டு கூண்டுகளுக்கு ஊசி கிடையாது. ஊசி போட்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவற்றை அப்படியே விட்டுவைப்போம்.

போகிக்கு முந்தின நாள் மதியம் ஊசி போட்டேன். அண்ணா பிடித்துக்கொண்டார். எனக்கு அவசரம். மறுநாள் முதல் பொங்கல் விடுமுறை. நாங்கள் அன்று சாயங்காலமே மதுராந்தகத்தில் சித்தி வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். பெருங்களத்தூரில் பஸ் பிடிக்க அம்மா பையோடு காத்திருந்தார். பண்டிகைக்கு முந்தின நாள் அங்கே பஸ் ஏறுவது என்ன பாடு என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். பொடியைக் கரைத்துவிட்டால் உடனே போட வேண்டும், நேரம் ஆக ஆக வீரியம் குறைந்துவிடும். மடமடவென்று இருபத்துநான்கு எலிகளுக்கும் போட்டு முடித்தேன்.

"லீவு நாளெல்லாம் நான் வந்து பாத்துக்கறேன். நீ பொங்கல் சாப்ட்டு வா," என்றார் அண்ணா.

"தண்ணி நெறைய குடிக்கும் அண்ணா. கூண்டுக்கு ரெண்டு பாட்டில் வைங்க."

"எனக்குத் தெரியாதா பாப்பா?"

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் போனேன். தகரக் கதவைத் திறந்தபோதே வாடை வேறு மாதிரி இருந்தது. ஊசி போட்ட கூண்டுகளில் பதினேழு எலிகள் செத்துக் கிடந்தன. சில விறைத்திருந்தன. சில ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் குவிந்து கிடந்தன. மிச்சமிருந்த ஏழும் ஓரமாக ஒடுங்கி, மயிர் சிலிர்த்து, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் அவையும் போய்விட்டன. அந்தக் கூண்டுகளின் பாட்டில்கள் எல்லாம் காலி. உமி சொதசொதவென்று நனைந்து நாறியது.

ஊசி போடாத இரண்டு கூண்டுகளும் கோடியில் இருந்தன. அதிலிருந்த ஆறு எலிகளும் நன்றாக இருந்தன. ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று என்னை மோப்பம் பிடித்தது. அவற்றின் பாட்டில்களில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அதைப் பார்த்தேன் என்பதை இன்றைக்கு எழுதும்போது ஒரு வரியாக எழுதிவிட முடிகிறது.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியைதான் அனிமல் ஹவுஸுக்கும் பொறுப்பு. ஊருக்குப் போயிருந்தார். போனில் அழுதுகொண்டே சொன்னேன்.

"வாட்டர் பாட்டில் செக் பண்ணியா?"

"காலி, மேடம்."

"எல்லாமே காலியா?"

"ம்," என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஓரெழுத்தைத் தாண்டி நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அப்போது அது பொய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நல்ல எலி கொஞ்சமாகத்தான் குடிக்கும், அதனால் மிச்சமிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு நாள் யாரும் வராமல் ஒரு பாட்டிலில் பாதி மிஞ்சுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை. போட்டிருந்தால் எலிகள் வேறு எதனால் செத்தன என்ற கேள்வி என் பக்கம் திரும்பியிருக்கும். நான் அதை யோசித்து ஒதுக்கினேனா, யோசிக்காமலே ஒதுக்கினேனா என்று கேட்டால் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மேடம் திரும்பி வந்து அண்ணாவைக் கூப்பிட்டு விசாரித்தார். நானும் அந்த அறையில் இருந்தேன். பணியாளர்கள் கையெழுத்துப் போடும் பதிவேடு அலுவலக அறையில் இருக்கும். விடுமுறையில் அந்த அறை பூட்டியிருந்தது. வாசலில் பண்டிகைக்கு மாற்றாக வந்திருந்த காவலாளி, யார் வந்தார்கள் போனார்கள் என்று தனக்கு நினைவில்லை என்றுவிட்டான்.

"நாலு நாளும் வந்தேன் மேடம். ஒவ்வொரு கூண்டுக்கும் ரெண்டு பாட்டில் வெச்சேன். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு உமிகூட மாத்துனேன்."

"மாத்தின உமி ஏன் அப்படி இருந்தது? பாட்டில் ஏன் காலி?"

"தெர்ல மேடம். நான் வெச்சேன்."

"பொங்கல்னா கொஞ்சம் ஜாலியா இருந்திருப்பீங்க. உண்மையச் சொல்லுங்க."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் ஒப்பந்தக்காரர் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். வேறு ஆள் வந்தார். புது எலிகள் வந்தன. புதிதாக மருந்து வாங்கி மறுபடி ஊசி போட்டேன். இந்த முறை எல்லாம் சரியாக நடந்தது. இலைச்சாறு கொஞ்சம் வேலை செய்தது. ஒரு சின்ன இதழில் மேடத்தின் பெயரும் என் பெயரும் சேர்ந்து கட்டுரையாக வந்தது. முதல் தொகுதி எலிகள் பராமரிப்புக் குறைபாட்டால் இழக்கப்பட்டதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று அதில் ஒரு வாக்கியம் உண்டு. அந்த வாக்கியத்தை எழுதியது நான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். குறிப்பேட்டில் போகிக்கு முந்தின நாளின் பக்கத்தை நான்கு வருடம் கழித்து முதல்முறையாகப் படித்தேன். மருந்துப் பொடியின் எடை எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கரைத்த திரவம் ஐந்து மில்லி என்று எழுதியிருந்தது. முந்தின பக்கத்தில் நான் போட்டிருந்த கணக்கில் அந்தப் பொடிக்குப் பத்து மில்லி.

முதலில் எழுத்துப் பிழை என்று நினைத்தேன். பிறகு ஓரத்தில் பென்சிலில் கிறுக்கியிருந்ததைப் பார்த்தேன்: 'திரவம் தீர்ந்துவிட்டது, பாதி போதும்.' நினைவு வந்துவிட்டது. பாட்டிலில் திரவம் குறைவாக இருந்தது. பத்து மில்லியில் பாதி எப்படியும் மிஞ்சத்தான் போகிறது, இருபத்துநான்கு எலிகளுக்கு ஐந்து மில்லியே போதும், பாதி அளவு தயாரிக்கலாம் என்று நினைத்தேன். திரவத்தைப் பாதியாக்கினேன். பொடியைப் பாதியாக்கவில்லை. ஊசியில் ஏற்றிய திரவத்தின் அளவை மாற்றாததால், ஒவ்வொரு எலிக்கும் போக வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு மருந்து போயிருக்கிறது.

அந்த மருந்து இரண்டு மடங்கு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை தாறுமாறாக ஏறும். தாகம் அடங்காது. வைத்த தண்ணீரையெல்லாம் குடித்துக் குடித்து மூத்திரமாகப் போகும். உமி நனைந்து கூழாகும். பாட்டில் காலியாகும். பிறகு சாகும். அண்ணா தண்ணீர் வைத்ததால்தான் பாட்டில்கள் அப்படிக் காலியாயின. மாற்றிய உமிதான் அப்படி நனைந்து கிடந்தது. அவர் வரவில்லை என்பதற்கு நாங்கள் காட்டிய இரண்டு சாட்சிகளும் அவர் வந்ததற்கான சாட்சிகள்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். பசியில்லை என்றேன்.

மறுநாள் மதியம் கம்பெனி மாடிப்படியில் நின்றுகொண்டு மேடத்துக்குப் போன் செய்தேன். விண்ணப்பத்துக்கு இரண்டு பேரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். ஒன்று அவருடையது, தருவதாகச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருந்தார். நான் கண்டதைச் சொன்னேன்.

"நோட்ல அப்படி இருக்குன்னா அப்படியே போட்டேன்னு அர்த்தம் இல்ல. எழுதறதுல மிஸ்டேக் இருக்கலாம்."

"இல்ல மேடம். எனக்கு ஞாபகம் இருக்கு."

"நாலு வருஷம் கழிச்சு ஞாபகமா? லுக், அது முடிஞ்சுபோன விஷயம். ஃபார்ம்ல சேலஞ்சஸ்னு கேட்டிருந்தா, அனிமல் லாஸ் ஆச்சு, ரிப்பீட் பண்ணோம்னு ரெண்டு லைன் எழுது. யார் காரணம்னு எழுதணும்னு யாரும் கேக்கல."

"அந்த அண்ணாவோட வேலை போச்சு மேடம்."

"அவருக்கு வேற வேலை கெடச்சிருக்கும். நீ உன் ஃபியூச்சரப் பாரு."

வேறு வேலை கிடைத்திருந்தது. நிறுவனத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் அக்காவின் எண் என்னிடம் இருந்தது. அவரிடம் விசாரித்தபோது, பெருங்களத்தூரில் புதிதாகக் கட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருக்கிறார் என்றார். "மறுபடி குடிக்கிறாராம்மா. பாவம், அவரு சம்சாரம்தான் ஓடியாடி சம்பாரிக்குது," என்றும் சொன்னார்.

சனிக்கிழமை போனேன். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே அரைக் கிலோமீட்டர். கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சட்டை அவருக்குப் பெரிது. முகம் வற்றி, கன்ன எலும்பு தெரிந்தது. மடியில் வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டு.

"எந்த ஃபிளாட்டு மேடம்?"

"அண்ணா, நான்தான்."

நிமிர்ந்து பார்த்தார். "தெரிது. இன்னா விஷயம்?"

பாப்பா என்று கூப்பிடவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். இடையிடையே கார் வந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து கேட்டைத் திறந்து, சலாம் போட்டு, மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முழுக்கச் சொல்லி முடிக்க நாலு கார் ஆயிற்று.

"டபுளா போட்டுட்டியா?"

"ஆமாண்ணா."

"அத்தாலதான் செத்துச்சா?"

"ஆமா. நீங்க வெச்ச தண்ணியெல்லாம் அதுங்க குடிச்சிடுச்சு. அந்த மருந்து அதிகமானா அப்படித்தான் தாகம் எடுக்கும்."

நோட்டை மூடிப் பேனாவை அதன்மேல் வைத்தார். "ஊசி போடாத கூண்டு ரெண்டு இருந்துச்சே. அதுல தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணா. பாதிக்குமேல."

"அத்த இப்ப நோட்டுல பாத்தியா?"

நோட்டில் அது இல்லை. நான் எழுதி வைத்திருக்கவில்லை. "இல்லண்ணா. அன்னிக்கே பாத்தேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வெயிலில் மினுங்கிய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"நான் போனேனா இல்லியான்னு எனக்கே தெரியாம பூட்ச்சு. அல்லாரும் சொல்லிகினே இருந்தாங்க. பொங்கல் அன்னிக்கி ஒரு நாள் போய்ட்டு, மத்த நாளும் போனதா நெனச்சிகினு கீறேனோன்னு. கண்ண மூடிகினு யோசிச்சிப் பாப்பேன். பாட்டில்ல தண்ணி புடிக்கிற மாதிரி வரும். அப்பால அது வேற எந்த நாளோன்னு தோணும். பதினோரு வருஷம் புடிச்ச தண்ணிதானே. எது எந்த நாளுன்னு எப்டித் தெரியும்?"

இன்னொரு கார் வந்தது. இந்த முறை சலாம் போட மறந்துவிட்டார். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கி முறைத்துவிட்டுப் போனார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? வூட்டாண்ட வந்து சொல்லு. எம் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

மறுநாள் திருநீர்மலைக்குப் போனேன். மலையடிவாரத்தைத் தாண்டி, கோயிலுக்கு வந்தவர்களின் வண்டிகள் நெருக்கியடித்து நின்ற தெருவின் முடிவில் சிமெண்ட் ஓடு போட்ட வீடு. வாசலில் அவருடைய மனைவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறவர். கையை நிறுத்தாமல் கேட்டார். நான் சொன்னது புரிந்ததா என்று சந்தேகம் வந்து, இரண்டாவது முறை விளக்கத் தொடங்கினேன்.

"புரிஞ்சிது," என்றார். "செதில மட்டும் வாரிட்டு வரேன், இரு."

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். அண்ணா உள்ளே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மனைவி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப எதுக்கு அந்த நோட்ட எடுத்த?"

"மேல படிக்கறதுக்கு ஒரு ஃபாரம். அதுல பழைய ஆராய்ச்சியப் பத்தி எழுதணும்."

"அந்த ஃபாரம் வரலன்னா தொறந்து பாத்துருப்பியா?"

"மாட்டேன்."

"ம். இத்தையாவது மறைக்காம சொல்ற." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் நம்பலம்மா. மூணு வருஷமா தொடாத மனுசன், பொங்கலுக்கு எங்கியோ போய்க் குடிச்சிட்டு வேலைக்குப் போனேன்னு பொய் சொல்றான்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு சண்டையிலயும் அத்தயே சொல்லுவேன். வாயில்லா ஜீவனத் தண்ணி குடுக்காம சாவடிச்சவன்தானே நீன்னு. எம் பொண்ணுகூட ஒரு நாள் சொல்லிச்சு. அன்னிக்குத்தான் மறுபடி குடிச்சிட்டு வந்தாரு."

அண்ணா எங்களைத் தாண்டி வெளியே போனார். தெருக்குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ எதுவும் எழுதித் தருவியா? எங்க வேணும்னாலும் காட்றதுக்கு?" என்றார் அவர் மனைவி.

மகளுடைய கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். நிலைப்படியில் வைத்துத் தமிழில் எழுதினேன். மருந்து அளவில் நான் செய்த பிழை, நான் பார்த்த தண்ணீர், நான் சொல்லாமல் விட்டது. கையெழுத்துப் போட்டேன். அவர் மனைவி அதை வாங்கி எழுத்துக்கூட்டி ஒருமுறை வாசித்தார். எனக்குத் தண்ணீரோ டீயோ கொடுக்கவில்லை. திட்டி அனுப்பவும் இல்லை.

அன்று பிற்பகலே விண்ணப்பத்தின் நான்காவது பக்கத்தை எழுதினேன். ஒரு பக்கம்தான் இடம். இலைச்சாற்றுக்கு இரண்டு வாக்கியம் போயிற்று. மீதியெல்லாம் இதுதான். எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் என்னை உறுத்தியது. 'அளவில் பிழை நேர்ந்தது' என்று கை தானாக எழுதும். அழித்துவிட்டு 'நான் பிழை செய்தேன்' என்று எழுத வேண்டியிருந்தது. கட்டுரைகளில் அப்படி எழுதித்தான் பழகியிருந்தோம், யாரும் எதையும் செய்யாததுபோல. எழுதியதை மேடத்துக்கும் அனுப்பினேன். கட்டுரையில் அந்த வாக்கியத்தைத் திருத்தும்படி இதழுக்கு எழுதலாம், நானே எழுதுகிறேன் என்றும் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸில் இருந்தபோது அவர் கூப்பிட்டார்.

"என் பேரும் அந்தப் பேப்பர்ல இருக்கு. அது உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் மேடம்."

"அவரை வெளிய அனுப்பினது நான். என்கொயரி பண்ணினது நான். நீ எழுதற ஒவ்வொரு வரியும் என் மேலதான் வந்து விழும். உன் மனசு சுத்தமாகணும்னா என்னை எதுக்கு இழுக்கற?" அவர் குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன், பயமாகவும் இருக்கலாம். "அன்னிக்கு எல்லாமே காலியான்னு நான் கேட்டேன். கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க மேடம்."

"அப்ப இப்ப எதுக்கு எனக்கு இது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடிதம் தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, தராமல் விட்டுவிட்டார். கடைசித் தேதிக்கு முன்னால் இரண்டு முறை நினைவூட்டினேன். கம்பெனி மேலாளரிடம் கேட்டு ஒன்று வாங்கிவிட்டேன், ஆனால் இரண்டில் ஒன்று ஆய்வு வழிகாட்டியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. கடைசித் தேதி கடந்தபோது இணையதளத்தில் என் பெயருக்கு எதிரே 'முழுமையடையாத விண்ணப்பம்' என்று வந்தது. முழுமையடையாதவற்றை அவர்கள் படிப்பதில்லை. நான்காவது பக்கத்தை யாரும் திறந்திருக்கவே மாட்டார்கள்.

இதழுக்கு நானே எழுதினேன். எல்லா ஆசிரியர்களின் ஒப்புதலும் வேண்டும் என்று பதில் வந்தது. அந்த வாக்கியம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அண்ணா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரிடம் போயிருக்கிறார். அந்த நிறுவனத்தின் ஒப்பந்தம் இரண்டு வருடம் முன்பே வேறொருவருக்குப் போய்விட்டது, பழைய ஆட்களின் கதை தனக்கு எதற்கு என்று அவர் சொல்லிவிட்டாராம். இதை அண்ணாவே போனில் சொன்னார். வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி இல்லை. போய்ப் பார்த்தேன் என்பதைத் தெரிவிக்கிற மாதிரி இருந்தது. குடியை விட்டாரா என்று நான் கேட்கவில்லை. பேச்சில் நாக்குக் கொஞ்சம் குழறியது.

அதன் பிறகு ஒரு மாதம் கழித்து, நான் வேலையில் இருந்தபோது மறுபடி அவரிடமிருந்து போன் வந்தது. வெளியே வந்து எடுத்தேன். அன்று குரல் தெளிவாக இருந்தது.

"ஒண்ணு கேக்கணும் பாப்பா. பிஸியா கீறியா?"

"இல்லண்ணா, சொல்லுங்க."

"அதுங்க ரொம்ப அவஸ்தப்பட்டுச்சா? சாவும்போது?"

பட்டிருக்கும் என்று சொன்னேன். எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை.

"மாட்டுப் பொங்கல் அன்னிக்கு உமி மாத்தும்போதே நாலஞ்சு சோந்து கெடந்துச்சு. பாட்டில காலி பண்ணிட்டு வாய வாய வெச்சுகினு இருந்துச்சு. உனுக்கு போன் பண்லாம்னு கையில எடுத்தேன். பண்டிக நாளு, சொந்தக்காரங்க வூட்ல கீற, எதுக்குத் தொந்தரவுன்னு வெச்சிட்டேன். தண்ணி மட்டும் ரொப்பிட்டு வந்துட்டேன். மறுநாளும் அதான் பண்ணேன். மேடம் கேக்கும்போது அத்த சொல்லல. பாத்துட்டும் ஏன் சொல்லலன்னு கேப்பாங்கன்னு பயம். அப்பால அல்லாரும் சொல்லிச் சொல்லி, அத்த பாத்தேனான்னே சந்தேகமாயிட்ச்சு. நீ வந்து சொன்னதுலேந்து அதான் ஓடிகினு கீது. அன்னிக்கு போன் பண்ணிருந்தா பொழச்சிருக்குமா?"

அந்த நிலையில் இன்சுலின் போட்டிருந்தால் சில பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். அவர் போன் செய்திருந்தால் நான் மதுராந்தகத்திலிருந்து கிளம்பி வந்திருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது.

"பொழச்சிருக்காதுண்ணா," என்றேன். "நீங்க பண்ணியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"நெஜமா?"

"நெஜமா."

சரி பாப்பா, கேட்டுக்கு வண்டி வந்துடுச்சு என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த தரவுப் பதிவைத் தொடர்ந்தேன்.